கிளிக்கு ஒரு மூச்சு

என் அக்கா கணினி நிரல் எழுதத் தெரிந்தவள். நிரல் எழுதாமல் இருப்பதற்காகத்தான் அவளுக்கு அலுவலகத்தில் சம்பளம் கொடுத்தார்கள். நான் தையல்காரி. ‘துணியைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திரு, மாசாமாசம் பணம் வரும்’ என்று என்னிடம் யாராவது சொன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சம்பளமும் வாங்கினாள், உள்ளுக்குள் உருகியும் போனாள்.

எல்லாம் அந்தக் கிளியால் வந்தது. கிளி என்றதும் கூண்டைத் தேடாதீர்கள். அது ஒரு நிரலின் பெயர். கணினித் திரையில் இருக்கும் எழுத்தை அது குரலாக வாசித்துக் காட்டும். பார்வை இல்லாதவர்களுக்கு அதுதான் செய்தித்தாள், அதுதான் கடிதம், அதுதான் வங்கி. படித்து முடித்த கையோடு அக்காவும் இன்னும் சில பேரும் சேர்ந்து அதை எழுத ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு ஊர். ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியாது. யாருக்கும் கூலி கிடையாது. யாராவது ஒரு பிழையைப் பார்த்தால் அதைத் திருத்தி அனுப்புவார்கள். அதற்கு ‘ஒட்டு’ என்று பெயர்.

“நானுந்தான் நாள் பூரா ஒட்டுப் போடறேன். எனக்குக் காசாவது வருது” என்பேன்.

“உனக்குப் பொறாமை” என்பாள் அக்கா. கண்ணைத் திரையை விட்டு எடுக்கமாட்டாள்.

வந்து சேரும் ஒட்டுகளில் எதை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் அவர் பெயர் மீசை. அவருக்கு நிஜமாகவே மீசை இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. கணக்கு வாத்தியார்போல அவ்வளவு கண்டிப்பு, அதனால் நான் வைத்த பெயர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கிளி பேசினால்தான் அவருக்கு உலகம். ஒருநாள் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்: “எல்லாம் சரிதாம்மா. ஆனா நம்ம கிளி மூச்சே விடாம பேசுது. நாலு பக்கம் கேட்டா எனக்கு மூச்சு முட்டுது.”

அவ்வளவுதான், அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மனிதர்கள் வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதே அவளுடைய ஆராய்ச்சி ஆனது. முற்றுப்புள்ளியில் விடுவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? இல்லையாம். வானொலி கேட்பாள். பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரி தொலைபேசியில் அளப்பதை வெட்கமே இல்லாமல் ஒட்டுக் கேட்பாள். நான் அவளைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே மேசையில் விரலால் தட்டுவாள்.

“என்னக்கா, நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன், நீ தாளம் போடறே?”

“நீ எங்க மூச்சு விடறேன்னு பாத்தேன். கோவம் வந்தா நீ ரொம்ப நேரம் விடவே மாட்டேங்கறேடி.”

இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

கிளிக்கு ஓர் உரிமம் இருந்தது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் கிளியை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்றும் பிழைக்கலாம். ஆனால் மாற்றிய கிளியை இன்னொருத்தருக்குக் கொடுத்தால், என்ன மாற்றினோம் என்பதையும் திறந்து காட்டவேண்டும். பூட்டி வைக்கக்கூடாது. இன்னொரு வகை உரிமமும் உண்டாம். அது ரொம்பத் தாராளம். எடுத்துப்போய் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், பூட்டியும் வைத்துக்கொள், எங்கள் பெயரை மட்டும் ஒரு மூலையில் போட்டுவிடு என்று சொல்வது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் அக்கா மாட்டிக்கொண்டாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பயணச்சீட்டு இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனி கிளியை எடுத்துத் தன் இயந்திரங்களில் பேசவைத்தது. தான் செய்த திருத்தங்களை ஒழுங்காகத் திருப்பியும் கொடுத்தது. அந்தக் கம்பெனி ஆட்கள் மீசையிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஒட்டுப் போட்டார்கள். பிறகு, கிளியை நன்றாகத் தெரிந்தவள் என்று அக்காவையே வேலைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா செய்த வேலைக்குச் சம்பளம்! அக்கா அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். நாள்தோறும் கிளி எழுதுவாள். கம்பெனிக்கும் அது பயன்படும், ஊர் உலகத்துக்கும் போய்ச் சேரும். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் நான் பார்த்ததில்லை.

கம்பெனி வளர்ந்தது. மருத்துவமனைகளுக்கும் இயந்திரம் செய்யலாம் என்ற ஆசை வந்தது. ஆசை வந்ததும், தங்கள் திருத்தங்களைத் திறந்து காட்ட மனம் வரவில்லை. உரிமத்தை அந்தத் தாராள வகைக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கிளிக்காரர்களைக் கேட்டார்கள். அதற்கு, கிளியில் எழுதிய ஒவ்வொருவரும் சரி என்று சொல்லவேண்டும். பாதிப் பேர் சொன்னார்கள். மீசை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “பூட்டின கிளி எனக்கு வேண்டாம். நாளைக்கு அது தப்பாப் பேசினா நான் திறந்து பாக்கணும்.”

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கிளியே வேண்டாம், நாங்களே புதிதாக ஒன்று எழுதிக்கொள்கிறோம் என்று கிளம்பியது. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கிளியிலிருந்து ஒரு வரிகூடத் திருடவில்லை என்று நிரூபிக்கவேண்டும். அதற்காக, கிளியைத் தெரிந்தவர்கள் யாரும் புது நிரலை எழுதக்கூடாது என்று வக்கீல் விதி போட்டார். அக்காவுக்குக் கிளி மனப்பாடம். ஆகவே புதியதை எழுதக்கூடாது. கம்பெனியில் வேலை செய்வதால் பழைய கிளியையும் எழுதக்கூடாது. அங்கும் இல்லை, இங்கும் இல்லை. கிளி எங்கே மூச்சு விடவேண்டும் என்ற கணக்கு அவளுக்கு முழுசாகப் பிடிபட்டதே அந்தச் சமயத்தில்தான்.

அவளுக்குக் கொடுத்த வேலை, பேசும் நிரல் என்னென்ன செய்யவேண்டும் என்று வெறும் சொற்களில் எழுதித் தருவது. எப்படிச் செய்வது என்று சொல்லக்கூடாது. அதை வக்கீல் வரி வரியாகப் படித்து, கிளி வாடை அடிக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, புது நிரல் எழுதும் கூட்டத்துக்கு அனுப்புவார். அந்தக் கூட்டம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. எட்டிக் கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் சந்தேகம் வந்தால் வக்கீலுக்கு எழுதி, வக்கீல் அக்காவுக்கு எழுதி, அக்கா வக்கீலுக்கு எழுதி... அடக் கண்றாவியே! இதைக் கேட்டு நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன்.

“வீட்டுக்கு வந்து எழுதேன்க்கா. யார் கேக்கப்போறா?”

“வேலையில இருக்கற வரைக்கும் நான் எங்க எழுதினாலும் அது கம்பெனியோடது. அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“சமையல்கட்டுல எழுதினா?”

“அதுவும்.”

“அந்த மூச்சு விஷயத்தை ஒரு துண்டுக் காகிதத்துலயாவது எழுதி வையேன், மறந்துடப்போறே.”

“எழுதினா அவங்களுக்குப் போயிடும்டி. தலைக்குள்ள இருக்கட்டும். அங்க மட்டும் அவங்க கை வைக்க முடியாது.”

வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அவருடைய வைத்தியம் முழுவதையும் கம்பெனிக் காப்பீடுதான் தாங்கியது. என் தையல் கடையை நம்பி அதைச் செய்ய முடியாது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள். கிளிக்காரர்களுக்கும் ஒரு விதி உண்டு. ஏதாவதொரு கம்பெனியின் பூட்டிய பேச்சு நிரலை உள்ளே பார்த்தவர்கள் கிளியின் பேச்சுப் பகுதியில் கை வைக்கக்கூடாது. தெரிந்தோ தெரியாமலோ அங்கே பார்த்தது இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு வழக்கு வரும் என்ற பயம். என்றைக்காவது திரும்பிப் போகவேண்டும் என்றால், புது நிரலை அக்கா ஒரு தடவைகூடப் பார்த்திருக்கக்கூடாது. அதனால் அந்தக் கூட்டத்தின் திரை தெரியும் பக்கம் அவள் தலையைத் திருப்பவே மாட்டாள். கூட்ட அறையில் யாராவது தெரியாத்தனமாக நிரலைப் போட்டுவிட்டால், சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவியபடி வெளியே வருவாள். கதவு என்று நினைத்து அலமாரிக்குள் போன கதையும் உண்டு. “அக்கா வர்றாங்க, திரையை மூடுங்க” என்று கிண்டல் செய்வார்களாம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. அப்பா கிடந்த காலம் முழுக்க.

சில சாயங்காலங்களில் வேலை முடிந்து என் கடைக்கு வந்து, பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிளிக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது எல்லோரும் படிக்கும்படி பொதுவில்தான் இருக்கும். அதைப் படிக்கத் தடை இல்லை. படித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பாள்.

“புதுசா யார் யாரோ வந்திருக்காங்கடி. நல்லா எழுதறாங்க. எனக்குத்தான் அங்க ஒரு வார்த்தை சொல்லமுடியல. ஜன்னலுக்கு வெளிய நின்னு நம்ம வீட்டையே பாக்கற மாதிரி இருக்கு.”

நான் துணியிலிருந்து தலையைத் தூக்காமல், “அந்தப் பட்டனையெல்லாம் கலக்காதே, நிறம் பிரிச்சு வச்சிருக்கேன்” என்று கத்துவேன்.

அப்பா ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அக்கா வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதம் இருந்து எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மீசைக்குத் தொலைபேசி போட்டாள். அந்த மனுஷர் சும்மா பாராட்டுகிறவர் இல்லை. “எப்ப வருவே?” என்றுதான் கேட்டார். பிறகு, “மூச்சு வேலையை யார்கிட்டயும் குடுக்கல. ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்” என்றார். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள்தான் மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. கம்பெனியின் புதுப் பேச்சு இயந்திரம் மருந்து கொடுக்கும் இடங்களில் வைக்கப்பட்டிருந்தது. பார்வை மங்கியவர்கள் மருந்துச் சீட்டை அதன்முன் காட்டினால், எந்த மருந்து, எவ்வளவு என்று வாசித்துச் சொல்லும். ஓர் அம்மா தன் குழந்தைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டியிருக்கிறாள். இரண்டரை மில்லி என்பது, இரண்டு, ஒரு புள்ளி, ஐந்து என்று சீட்டில் இருந்தது. இயந்திரம் இருபத்தைந்து மில்லி என்று சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற மருந்தாளர் காதில் விழுந்ததால் குழந்தை தப்பியது.

எப்போதும் இப்படிச் சொல்வதில்லை. ஒரு சீட்டுக்குச் சரியாகச் சொல்லும், இன்னொன்றுக்குத் தப்பாகச் சொல்லும். அதுதான் பெரிய வினை. அந்தப் பகுதியை எழுதியவன் பெயர் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். காலையிலிருந்து தேடிக் களைத்து, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். அக்காவுக்கு விஷயத்தைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. இதே பிழை பழைய கிளியிலும் ஒருகாலத்தில் இருந்தது. மீசைதான் கண்டுபிடித்து ஒட்டுப் போட்டார். புள்ளி தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அக்கா தன் விவரங்களில் எழுதியும் கொடுத்திருந்தாள். ‘இது கிளியின் வழி’ என்று வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டார். புண்ணியவான்! கம்பெனியைக் காப்பாற்றுகிறாராம்!

அக்கா முதலில் மேலாளரிடம் போய், எல்லா இயந்திரத்தையும் வாய் மூடச் செய்யுங்கள் என்றாள். “நிறுத்தினா, சீட்டைப் படிக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? மேல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று அவர் இழுத்தார். வக்கீல் வழியாகச் சொல்லலாம் என்றால், அவர் விமானத்தில் இருந்தார். தொலைபேசி அணைந்திருந்தது. கடைசியில் அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சுருட்டையிடம் சொன்னாள்.

“பெரிய எண்ணுல இருக்கற காற்புள்ளியை எடுக்கறதுக்கு ஒரு இடம் வச்சிருப்பே. அங்க புள்ளியும் சேந்து போகுது.”

“அந்த மாதிரி நிறைய இடம் இருக்குக்கா. எதுன்னு தெரியல. எல்லாம் பாத்துட்டேன், கண்ணே இருட்டுது” என்றானாம். பிறகு அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டான். “எங்க வீட்லயும் சின்னக் குழந்தை இருக்குக்கா.”

அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். அந்த நேரத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே முழுக்கப் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரலை வைத்து, “இதுதான்” என்றாள். சுருட்டை திருத்தினான். சாயங்காலத்துக்குள் எல்லா இயந்திரத்துக்கும் திருத்தம் போய்விட்டது.

அக்கா சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். வரும் வழியிலேயே, பேருந்தில் உட்கார்ந்து மீசைக்கு எழுதியும்விட்டாள். பார்த்துவிட்டேன் என்று. இங்கே வந்து நடந்ததைச் சொல்லிமுடிப்பதற்குள் அவருடைய பதில் வந்துவிட்டது. அக்கா தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன்.

‘செய்தது சரி. நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். ஆனால் நீ இனி பேச்சுப் பகுதிப் பக்கம் வரவேண்டாம். மூச்சைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவும் வேண்டாம். மற்ற வேலைகள் இருக்கின்றன, வா. எனக்கு மனசு ஆறவில்லை அம்மா.’

எனக்கு வந்ததே கோபம்! கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வீசி எறிந்தேன். துணி எடுக்க வந்த பெண் பயந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

“கல்நெஞ்சுக்காரன்! குழந்தைங்க உசிரைக் காப்பாத்தப் பாத்தியா, திருடப் பாத்தியா? உன்னை யாருக்கா போய்ச் சொல்லச் சொன்னது? அரிச்சந்திரன் வம்சமா நீ? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? இப்பவும் ஒண்ணும் குடி முழுகிடல. வேற பேர்ல எழுதி அனுப்பு. என் பேர்ல அனுப்பு! தையக்காரி எழுதினான்னு இருக்கட்டும். அது உன் தலையில இருந்ததுதானே? உன்னோடதுதானே?”

அக்கா என்னைத் தடுக்கவில்லை. கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“பிழையைத் தேடிப் போறப்ப, நடுவுல அவங்க மூச்சு விடற இடமும் வந்துச்சுடி. தாண்டிப் போகத்தான் பாத்தேன். கண்ணு நின்னுடுச்சு.”

“அதனால என்ன?”

“நல்லா எழுதியிருக்கான் சுருட்டை. ரொம்ப நல்லா. பாத்தவுடனே, அட, நான் நெனச்ச மாதிரியே இருக்கேன்னு தோணிச்சு. பஸ்ல வர்றப்ப என்னோடதை நெனச்சுப் பாத்தேன். அவனோடதுதான் வருது. கண்ணை மூடினாலும் அதேதான். நான் நெஜமா அப்படித்தான் நெனச்சிருந்தேனா, இல்ல அதைப் பாத்ததுக்கப்புறம் அப்படித் தோணுதான்னு எனக்கே தெரியலடி. உன் பேர்ல அனுப்பலாம். எதை அனுப்பறது?”

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, சின்னப் பிள்ளைபோல, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

“அந்த மூச்சை நெனச்சுக்கிட்டுத்தானேடி இத்தனை வருஷம் அந்த வேலைக்குப் போனேன்” என்றாள்.